தாத்தா பிறந்த ஊர் எது?



இன்றைக்கு நாம் எடுத்துக்கொண்டிருப்பது விளையாட்டைப் பற்றிய ஒரு விஷயம். விளையாட்டுப் பேச்சுத்தானே என்று தாய்மார்கள் வானொலியை அணைத்துவிட வேண்டாம். போகப் போக இது சூராட் பிரானாக், அடையாள அட்டை என்று நம் வீட்டுத் தகரப் பெட்டிக்குள்ளேயே வந்து நிற்கப் போகிறது.

2025 ஜூன் 10ஆம் நாள் இரவு, கோலாலம்பூர் புக்கிட் ஜாலில் தேசிய விளையாட்டரங்கில் மலேசியாவும் வியட்நாமும் காற்பந்தாட்டத்தில் சந்தித்தன. ஆசியக் கிண்ணத்துக்குத் தகுதி பெறுவதற்கான ஆட்டம் அது. மலேசியா நான்கு கோல் போட்டது, வியட்நாமுக்கு ஒன்றுமில்லை. பிரிக்பீல்ட்சிலும் கிள்ளானிலும் மாமாக் கடைகளில் தே தாரிக்கை ஆறவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அன்றைக்கு எவ்வளவு மகிழ்ச்சி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. வியட்நாம் சாமானியமான குழு அல்ல.

அந்த மகிழ்ச்சி நான்கு மாதம்கூட நிற்கவில்லை. செப்டம்பர் 26ஆம் நாள் உலகக் காற்பந்துச் சம்மேளனமான ஃபீஃபா ஒரு தீர்ப்பை வெளியிட்டது. மலேசியாவுக்காக ஆடிய ஏழு பேருடைய தகுதிப் பத்திரங்கள் உண்மையானவை அல்ல என்று அதன் ஒழுங்கு நடவடிக்கைக் குழு முடிவு செய்தது. மலேசியக் காற்பந்துச் சங்கத்துக்கு 350,000 சுவிஸ் பிராங்க் அபராதம். ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் 2,000 பிராங்க் அபராதமும் 12 மாதத் தடையும். ஏமாற்றும் எண்ணம் தங்களுக்கு இல்லை, அலுவலகப் பணியில் நேர்ந்த தொழில்நுட்பத் தவறு அது என்று சங்கம் சொன்னது. மேல்முறையீடும் செய்தது. நவம்பர் 3ஆம் நாள் ஃபீஃபாவின் மேல்முறையீட்டுக் குழு அதைத் தள்ளிவிட்டது. வழக்கு பிறகு சுவிட்சர்லாந்தில் உள்ள விளையாட்டு நடுவர் மன்றத்துக்குப் போயிற்று.

அந்தப் பத்திரங்களில் என்னதான் தவறு? ஏழு பேரும் அர்ஜென்டினா, பிரேசில், ஸ்பெயின், நெதர்லாந்து நாடுகளோடு தொடர்புடையவர்கள். ஒவ்வொருவருக்கும் தாத்தாவோ பாட்டியோ மலேசியாவில் பிறந்தவர் என்று ஃபீஃபாவுக்குக் காகிதம் அனுப்பப்பட்டிருந்தது. ஃபீஃபா அந்தந்த நாட்டிலேயே பழைய பிறப்புப் பதிவுகளைத் தேடிப் பிடித்தது. பினாங்கில் பிறந்தவர் என்று எழுதப்பட்டிருந்த ஒரு பெரியவர் உண்மையில் அர்ஜென்டினாவின் சாந்தா ஃபே நகரத்தில் பிறந்தவர். மலாக்காவில் பிறந்ததாகச் சொல்லப்பட்ட இன்னொருவர் நெதர்லாந்தின் ஹேக் நகரத்தில் பிறந்தவர். ஜொகூர் என்று இருந்தது பிரேசிலாகவும், கூச்சிங் என்று இருந்தது ஸ்பெயினின் கெர்னிக்காவாகவும் வெளிப்பட்டன. பெயர் அதே பெயர். பிறந்த ஊர் மட்டும் வேறு.

தாத்தா எங்கே பிறந்தார் என்பது ஒரு காற்பந்தாட்டத்துக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்று நேயர்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான்.

ஒருவர் ஒரு நாட்டுக்காக ஆட வேண்டுமானால் அந்த நாட்டுக் குடியுரிமை, அதாவது நம் பெரியவர்கள் சொல்லும் பிரஜாவுரிமை, அவருக்கு இருக்க வேண்டும். ஆனால் காற்பந்தில் அது மட்டும் போதாது. புதிதாகக் குடியுரிமை வாங்கியவர் அந்த நாட்டில் பிறந்திருக்க வேண்டும். இல்லையென்றால் தாயோ தகப்பனோ பிறந்திருக்க வேண்டும். அதுவும் இல்லையென்றால் பாட்டன் பாட்டிகளில் ஒருவராவது பிறந்திருக்க வேண்டும். இவற்றில் எதுவும் இல்லாதவர், 18 வயதுக்குப் பிறகு அந்த நாட்டுக்கு வந்தவரானால், ஐந்து ஆண்டு அங்கேயே வாழ்ந்திருக்க வேண்டும். இந்தக் கட்டுப்பாடு இல்லாவிட்டால் என்ன ஆகும்? சந்தையில் மாடு பிடிப்பதுபோல, பணமுள்ள நாடு பணமில்லாத நாட்டின் நல்ல ஆட்டக்காரர்களை எல்லாம் வாங்கிக்கொண்டு போய்விடும். ஐந்து ஆண்டு காத்திருக்க மனமில்லாதவர்களுக்குத் தாத்தாவின் வழிதான் குறுக்கு வழி. தாத்தா உண்மையில் இங்கே பிறந்திருந்தால் அதில் ஒரு குற்றமும் இல்லை.

அன்றிரவு விழுந்த நான்கு கோல்களையே பாருங்கள். முதல் இரண்டையும் போட்ட ஃபிகுவெரெடோவும் ஓல்காடோவும் தடை பெற்றவர்கள். நான்காவது கோலைப் போட்ட டியோன் கூல்ஸ் சரவாக் கூச்சிங்கில் பிறந்து பெல்ஜியத்தில் வளர்ந்தவர். அந்த நாட்டின் இளையோர் குழுவுக்கு ஆடிவிட்டுப் பிறகு பிறந்த மண்ணின் குழுவுக்குத் திரும்பியவர். வெளிநாட்டில் வளர்ந்தவர் என்பதற்காக எல்லோரையும் ஒரே தராசில் நிறுத்தக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறோம்.

காம்பியா நாட்டில் பிறந்த முகமது சுமாரே நம் நாட்டில் பல ஆண்டு வாழ்ந்து, இங்குள்ள சங்கங்களுக்கு ஆடி, 2018இல் மலேசியக் குடியுரிமை பெற்றுத் தேசியக் குழுவில் இடம் பிடித்தார். பக்கத்துச் சிங்கப்பூரில் அலெக்சாண்டர் டூரிச் என்று ஒருவர். போஸ்னியாவில் பிறந்தவர். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் அந்த நாட்டுக்காகப் படகுப் போட்டியில் துடுப்புப் போட்டவர். பிறகு காற்பந்துக்காரராகச் சிங்கப்பூருக்கு வந்து, ஆண்டுக் கணக்கில் அங்கேயே ஆடி, 2007இல்தான் குடியுரிமை பெற்றார். முதல் முறையாகச் சிங்கப்பூர்ச் சட்டையைப் போட்டபோது அவருக்கு வயது 37. மற்றவர்கள் ஓய்வு பெற்று வீட்டில் இருக்கும் வயது! இவர்களை யாரும் குறை சொல்ல முடியாது. இருந்து, உழைத்து, காத்திருந்து வாங்கினார்கள்.

ஓட்டப் பந்தயக்காரர்கள் கதை இன்னும் கடுமையானது. கென்யாவில் பிறந்த வில்சன் கிப்கெட்டர் 1990இல் மாணவராக டென்மார்க் போனார். 800 மீட்டர் ஓட்டத்தில் அவரை வெல்ல ஆள் இல்லை என்ற நிலை. 1995இல் டென்மார்க்குக்காக உலக வெற்றியாளரானார். ஆனால் 1996 அட்லாண்டா ஒலிம்பிக் வந்தபோது டென்மார்க்கின் குடியுரிமை அவருக்கு இன்னும் முழுமையாகக் கிடைக்கவில்லை. ஒலிம்பிக் குழு அவரை அனுமதிக்கவில்லை. அடுத்த ஆண்டே உலகச் சாதனை படைத்தார். அது 2010 வரை நின்றது. ஒலிம்பிக்கில் பிறகு ஒரு வெள்ளியும் ஒரு வெண்கலமும் கிடைத்தன. தங்கம் கடைசி வரை கிடைக்கவில்லை. கால் இருந்தது, காகிதம் இல்லை.

அதே கென்யாவில் ஸ்டீபன் செரோனோ என்ற தடை ஓட்டக்காரர். 2003இல் கத்தார் நாட்டுக்கு மாறி, சைஃப் சயீத் ஷாஹீன் என்று பெயரையும் மாற்றிக்கொண்டார். அந்த ஆண்டே பாரிஸில் 3,000 மீட்டர் தடை ஓட்டத்தில் கத்தாருக்கு உலகத் தங்கம் வாங்கிக் கொடுத்தார். அதே பந்தயத்தில் அவருடைய அண்ணன் கென்யாவின் சட்டையில் ஓடினார் என்றால் அந்த வீட்டின் நிலைமையை நினைத்துப் பாருங்கள். ஒரு நாட்டுக்காக ஓடியவர் இன்னொரு நாட்டுக்கு மாறினால் ஒலிம்பிக்குக்கு மூன்று ஆண்டு காத்திருக்க வேண்டும். பழைய நாடு சம்மதித்தால் அதைக் குறைக்கலாம். கென்யா சம்மதிக்கவில்லை. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் ஷாஹீன் இல்லாமலே நடந்தது. பணத்துக்காகப் போனவர் என்று அவரைப் பலர் ஏசினார்கள். நமக்கு அப்படி ஏச வாய் வரவில்லை. பிழைப்புக்காகக் கப்பல் ஏறியவர்களின் பேரப்பிள்ளைகள் நாம்.

இனி நம் பக்கத்துக் கதைக்கு வருவோம். நாட்டை மாற்றாமலே நாடு மாறிப்போன ஓட்டக்காரர் ஒருவர் உண்டு. சி. குணாளன். மலாயாவில் பிறந்து, சிங்கப்பூரில் ஆசிரியரானவர். 1963 செப்டம்பரில் சிங்கப்பூரும் சேர்ந்து மலேசியா உருவாயிற்று. ஆகவே 1964 தோக்கியோ ஒலிம்பிக்கில் குணாளன் மலேசியக் கொடியின் கீழ் ஓடினார். அதே அணியில் நம் டாக்டர் மு. ஜெகதீசனும் இருந்தார். 1965 ஆகஸ்ட் 9ஆம் நாள் சிங்கப்பூர் பிரிந்தது. அடுத்த ஆண்டு பாங்காக் ஆசிய விளையாட்டில் 100 மீட்டர் ஓட்டம். முன்னே வந்தவர்கள் இரண்டு பேர். மலேசியாவின் ஜெகதீசன், சிங்கப்பூரின் குணாளன். மயிரிழை வித்தியாசம், புகைப்படத்தைப் பார்த்துத்தான் ஜெகதீசனுக்குத் தங்கம் என்று தீர்மானித்தார்கள். இரண்டு ஆண்டுக்கு முன் ஒரே கொடி, இப்போது இரண்டு கொடி! 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் குணாளன் 10.38 விநாடியில் ஓடினார். சிங்கப்பூரில் அந்தச் சாதனை 33 ஆண்டு அசையவில்லை. ஜெகதீசன் அதே மெக்சிகோவில் 200 மீட்டரை 20.92 விநாடியில் ஓடினார். மலேசியாவில் அதை முறியடிக்க 2017 வரை ஆயிற்று.

குணாளன் எந்த நாட்டையும் தேடிப் போகவில்லை. அவர் நின்ற இடத்திலேயே நின்றார், எல்லைக்கோடு நகர்ந்தது. இதைக் கேட்கும்போது நம் தோட்டத்துப் பெரியவர்கள் சிலர் முகம் நினைவுக்கு வரவில்லையா? அவர்களும் நின்ற இடத்திலேயே நின்றவர்கள்தாம்.

1957இல் சுதந்திரம் வந்தபோது, முன்பே இங்கே குடியிருந்தவர்கள் விண்ணப்பம் செய்து குடியுரிமை பெற வழி இருந்தது. முதல் ஓராண்டுக்கு மலாய் மொழித் தேர்வுகூடத் தளர்த்தப்பட்டது. பட்டணத்தில் இருந்தவர்களுக்குச் சேதி தெரிந்தது. காலையில் பெரட்டுக்குப் போய், பால் வெட்டி, பால் சுமந்து, மாலையில் லயத்துக்குத் திரும்புகிறவருக்கு யார் போய்ச் சொன்னார்கள்? சொல்லப்பட்ட இடத்திலும், ஊருக்குத் திரும்பிவிடுவோம், இது எதற்கு என்று இருந்துவிட்டவர்கள் உண்டு. 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதிப் பத்திரம் எடுக்க வேண்டும் என்ற சட்டம் நடைமுறைக்கு வந்தபோதுதான் அந்தக் காகிதத்தின் விலை தெரிந்தது. பல்லாயிரம் பேர் பிறந்து வளர்ந்த மண்ணை விட்டு, கண்ணால் காணாத ஊருக்குக் கப்பல் ஏறினார்கள். தங்கியவர்களில் பலர் சிவப்பு அடையாள அட்டையோடு காலம் தள்ளினார்கள்.

இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சட்டப்படி ஒரு வெளிநாட்டவர் மலேசியக் குடியுரிமை கேட்க வேண்டுமானால், 12 ஆண்டுகளில் 10 ஆண்டாவது இங்கே வாழ்ந்திருக்க வேண்டும். போதுமான மலாய் மொழி தெரிந்திருக்க வேண்டும். அந்த ஏழு பேருக்கும் வசிப்புக் கால நிபந்தனையைத் தளர்த்தியது அரசியலமைப்பு தமக்குத் தந்துள்ள சிறப்பு அதிகாரத்தின்படிதான் என்று உள்துறை அமைச்சர் 2025 அக்டோபரில் நாடாளுமன்றத்தில் விளக்கினார். அந்த அதிகாரம் சட்டத்தில் இருக்கிறது. இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. பழைய கையெழுத்துப் பதிவுகள் அகப்படாததால், பதிவிலாகா இரண்டாம் நிலைத் தகவல்களை வைத்துப் பிறப்புப் பத்திர நகல் கொடுத்ததாக ஃபீஃபாவின் தீர்ப்பில் இருக்கிறது. இந்த இடத்தில்தான் நம் மனம் கொஞ்சம் நின்றுவிடுகிறது. பழைய பதிவு இல்லை என்ற ஒரே காரணத்தால் ஆண்டுக் கணக்கில் படியேறி இறங்குகிற குடும்பங்கள் நம்மில் உண்டு. இல்லாத தாத்தாவுக்குக் காகிதம் கிடைத்தது. இங்கேயே பிறந்து, இங்கேயே உழைத்து, இங்கேயே மண்ணுக்குள் போன தாத்தாவுக்குக் காகிதம் இல்லை.

இதற்காக அந்த ஆட்டக்காரர்களை வெறுத்துப் பயனில்லை. அவர்களில் எத்தனை பேருக்குத் தங்கள் பெயரில் என்ன எழுதப்பட்டது என்று தெரிந்திருக்கும் என்பதும் ஒரு கேள்விதான். காகிதம் தயாரித்தவர்களைத்தான் கேட்க வேண்டும்.

அந்த ஆட்டம் நடந்த இடத்தையும் ஒரு நிமிடம் பார்ப்போம். இன்றைக்குப் புக்கிட் ஜாலில் என்றால் விளையாட்டரங்கம் என்று பிள்ளைகள் சொல்வார்கள். பெரியவர்களுக்கு அது புக்கிட் ஜாலில் தோட்டம். பால்மரம் நின்ற மண். 1998 காமன்வெல்த் விளையாட்டுக்காகத்தான் அங்கே அரங்கம் எழுந்தது. அரங்கம் எழுந்த பிறகும், மீதமிருந்த லயங்களில் குடியிருந்த தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் ஒரு துண்டு வீட்டு நிலத்துக்காகப் பல ஆண்டு போராடின. அந்தக் காமன்வெல்த் விளையாட்டில் 50 கிலோமீட்டர் வேகநடையில் மலேசியாவுக்குத் தங்கம் வாங்கிக் கொடுத்தவர் கோ. சரவணன். 50 கிலோமீட்டர் என்றால் பிரிக்பீல்ட்சிலிருந்து கிள்ளானுக்கு நடந்து போய், திரும்பவும் பாதி வழிக்கு மேல் நடப்பதுபோல. அவரைக் கடல் கடந்து தேடிக்கொண்டு வரவில்லை.

சரி, நம் வீட்டுக்கு வருவோம். கிள்ளான் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் 14 வயதுப் பையன் ஒருவன் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நன்றாக ஓடுகிறான். பள்ளிப் போட்டியில் முதலாவதாக வருகிறான். ஆசிரியர் மேலே அனுப்ப விரும்புகிறார். அடையாள அட்டை எங்கே என்று கேட்கிறார்கள். கடல் கடந்து போகும் குழு என்றால் கடப்பிதழ் வேண்டும். குடியுரிமை இல்லாதவனுக்கு மலேசியக் கடப்பிதழ் கிடையாது. பையன் ஓடுவதை நிறுத்திவிட்டு ஏதாவது ஒரு பட்டறையில் வேலைக்குச் சேர்கிறான். இதற்குக் காரணம் பெரும்பாலும் அவன் பிறந்த வாரத்தில் நடந்த ஒரு காரியம், அல்லது நடக்காத ஒரு காரியம்.

அந்தக் காரியங்களில் நாம் அடிக்கடி காண்பது திருமணப் பதிவு. கோயிலில் தாலி கட்டினோம், ஊரைக் கூட்டிச் சோறு போட்டோம், அதற்கு மேல் என்ன என்று இருந்துவிடுகிறோம். 1982 மார்ச் முதல் நாளிலிருந்து நம் திருமணங்கள் சட்டப்படி பதிவு செய்யப்பட வேண்டும். பதிவு இல்லாத உறவில் பிறக்கும் பிள்ளையின் குடியுரிமை, தகப்பனைப் பின்பற்றாமல் தாயின் நிலையைப் பின்பற்றும். தகப்பன் நீல அட்டை வைத்திருந்தும், தாய் வெளிநாட்டுக்காரியாகவோ பத்திரம் இல்லாதவளாகவோ இருந்தால் பிள்ளை எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாமல் போய்விடலாம். தாலி கட்டியதற்குச் சாட்சி ஆயிரம் பேர் இருந்தாலும் முகப்பில் இருக்கும் அதிகாரி பதிவுப் புத்தகத்தைத்தான் பார்ப்பார்.

பிறப்பை 60 நாட்களுக்குள் பதிய வேண்டும். தவறினால் தாமதப் பதிவு, அபராதம், விசாரணை என்று நீளும். ஆனால் வழி அடைபட்டுப் போவதில்லை. பிள்ளைக்கு 12 வயது ஆனதும் அடையாள அட்டை எடுக்க வேண்டும். அந்த வயதில்தான் பல குடும்பங்களில் சிக்கல் முதன்முதலாக வெளியே தெரிகிறது. அதுவரை பிறப்புப் பத்திரத்தில் குடியுரிமை இல்லாதவர் என்று எழுதியிருப்பதை யாருமே வாசித்துப் பார்த்திருக்க மாட்டார்கள். இன்றைக்கே பெட்டியைத் திறந்து அந்த ஒரு வரியை வாசித்துப் பாருங்கள். வாசிக்கத் தெரியாவிட்டால் பள்ளிக்கூடத்துப் பிள்ளையிடம் கொடுங்கள்.

குடியுரிமை பற்றிய அரசியலமைப்பு விதிகளில் நாடாளுமன்ற மக்களவை 2024 அக்டோபரில் திருத்தங்களை நிறைவேற்றியது. ஆகவே அந்தக் காலத்தில் அண்ணனுக்கு இப்படித்தான் கிடைத்தது, உனக்கும் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் அதை மட்டும் நம்பி இருந்துவிட வேண்டாம். பதிவிலாகாவிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சிவப்பு அட்டைக் குடும்பங்கள் இதில் முக்கியமாகக் கவனமாக இருக்க வேண்டும். காசு கொடு, நான் வாங்கித் தருகிறேன் என்று வருகிற தரகர்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

போகும்போது கையில் கிடைத்த பழைய காகிதம் எல்லாவற்றையும் எடுத்துப் போகலாம். தோட்டத்து மருத்துவமனையின் பிறப்புச் சீட்டு, தடுப்பூசி அட்டை, தமிழ்ப்பள்ளியில் சேர்த்த பதிவு, பெரியவர்களின் பழைய அடையாள அட்டை, கிராணியார் எழுதிய செக்ரோல் நகல், எது இருந்தாலும் சரி. துணைச் சான்றாகக் காட்டலாம். தோட்டம் விற்கப்பட்டு வீட்டுமனையாக மாறும்போது அலுவலகத்துப் பழைய புத்தகங்கள் எங்கே போகின்றன என்று யாரும் கேட்பதில்லை. உங்கள் தோட்டம் அந்த நிலையில் இருந்தால், புத்தகங்கள் இருக்கும்போதே போய் நகல் கேளுங்கள். மூலப் பத்திரத்தை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். நகலைக் கொடுங்கள், மூலத்தைத் திரும்ப வாங்கிப் பெட்டியில் வையுங்கள்.